தாழ்ப்பாளை நீயே போடு கண்ணு: வால்பாறைப் பயணக் குறிப்புகள்

டிசம்பர் 26, வெள்ளி: ஆழியார், நாற்பது வளைவு

ஈரோட்டிலிருந்து கிளம்பும்போது துணிப்பையைவிட மருந்துப்பையைத்தான் அதிக கவனமாக எடுத்து வைத்தோம். காரணம் உண்டு. சின்னவனுக்கு இரண்டரை வயது. போன வருஷம் ஜுரம் ஏறி எங்கள் கண்முன்னாலேயே வலிப்பு வந்தது. இரண்டு நிமிடம்கூட இருக்காது. டாக்டர் பொறுமையாக விளக்கினார். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுவரை நூறு குழந்தைகளில் இரண்டிலிருந்து ஐந்து பேருக்கு இப்படி வரலாம், மூளைக்குப் பாதிப்பு இருக்காது, வளர வளரச் சரியாகிவிடும் என்றார். எல்லாம் புரிந்தது. ஆனாலும் அன்றிலிருந்து அவன் நெற்றியைத் தொட்டுப் பார்க்காமல் நானும் என் மனைவியும் படுத்ததில்லை.

பெரியவளுக்கு ஆறு வயது. அரையாண்டு விடுமுறைக்கு யானை பார்க்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். மலை, குளிர், ராத்திரியில் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்றெல்லாம் கணக்குப் போட்டுத்தான் வால்பாறை என்று முடிவானது. ஊரிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது என்பதை முதலில் விசாரித்துக்கொண்டேன்.

பல்லடம் வழியாகப் பொள்ளாச்சி. இளநீர் 40 ரூபாய், வழுக்கையைச் சுரண்டி இரண்டு பேருக்கும் பங்கு பிரித்தோம். ஆழியாரில் அணைக்குப் பக்கத்தில் மீன் வறுவல் வாசனை ஆளை நிறுத்திவிடும். ஒரு துண்டு 80 ரூபாய், சுடச்சுட, காரம் கொஞ்சம் தூக்கல். மலை ஏறப்போகிற குழந்தைகளுக்கு வேண்டாம் என்று மனைவி தடுத்துவிட்டாள். அவர்களுக்கு இரண்டு இட்லியோடு சரி. சோதனைச் சாவடியில் இ-பாஸைப் பார்த்தார்கள், பிளாஸ்டிக் பாட்டில்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோனது நல்லதாயிற்று.

அதற்கப்புறம் வளைவுகள். மொத்தம் நாற்பது, ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை. பெரியவள் சத்தம் போட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். ஆறு வரைக்கும் குரல் கேட்டது. ஏழில் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால் முகம் வெளுத்திருந்தது. எட்டு தாண்டியதும் கவரை நீட்டுவதற்குள் இட்லி முழுவதும் வெளியே வந்துவிட்டது, பாதி கவரில், பாதி அம்மா மடியில்.

ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை. கீழே ஆழியார் அணை பச்சையாகக் கிடக்கிறது. அதைப் பார்க்கிற நிலையில் நாங்கள் இல்லை. வண்டியை ஓரம் கட்டியதும், பக்கத்து வேனிலிருந்து ஒரு அம்மா இறங்கி வந்தார். யார், எவர் என்று கேட்கவில்லை. "தண்ணி இருக்குங்களா?" என்றார். குழந்தையின் கழுத்துப் பட்டனைக் கழற்றி, முகத்தைத் துடைத்து, கையில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து, "நகத்தால கீறி மோந்துக்கிட்டே வா கண்ணு. படத்துப் புஸ்தகம் பார்க்காத, தூரத்து மலையைப் பாரு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஓடுகிற வண்டிக்குள் கிட்டத்தில் எதையாவது பார்த்துக்கொண்டிருந்தால், கண் ஒன்று சொல்லும், காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு வேறொன்று சொல்லும். அந்தக் குழப்பத்தில்தான் குமட்டுகிறது. தூரத்து மலையைப் பார்த்தால் இரண்டும் ஒத்துப்போகும். சின்னவனுக்கு ஒன்றுமே ஆகவில்லை. இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளுக்கு இந்தத் தொந்தரவு குறைவு என்பதைப் படித்திருக்கிறேன்.

பாறைமேல் வரையாடுகள் நின்றன. வரையாட்டுக் குட்டி ஒன்று செங்குத்துச் சரிவில் அம்மா பின்னால் தாவிப் போனதைப் பார்த்து, "அது விழாதாப்பா?" என்று கேட்டாள் பெரியவள். கேள்வி வந்துவிட்டது, அப்படியென்றால் உடம்பு தேறிவிட்டது.

அட்டகட்டியில் டீ 15 ரூபாய். கடைக்காரர் குழந்தைகளுக்கு வெந்நீர் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

தங்கியது ஊரைத் தாண்டி, சோலையாறு போகிற சாலையில், தேயிலைக்கு நடுவே ஒரு வீட்டில். ஒரு ராத்திரிக்கு 2,000 ரூபாய். வீட்டுக்கார அக்காவின் மாமியார், எழுபது வயதைத் தாண்டிய பாட்டி, பக்கத்து அறையிலேயே இருக்கிறார். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பெற்றோரோடு சின்னப் பிள்ளையாக மலை ஏறியவர். முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து பறித்திருக்கிறார். வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஓரத்தில் கறுத்துக் காய்த்துப் போயிருக்கின்றன, தேயிலைக் கறை இன்னும் போகவில்லை.

ஆறு மணிக்கே பனி இறங்கிவிட்டது. பெரியவள் வாசலில் பந்தை உருட்டிக்கொண்டிருந்தாள். பாட்டி உள்ளேயிருந்து ஒரே குரல் கொடுத்தார்: "பாப்பா, உள்ள வா. நேரமாச்சு." அதட்டல் இல்லை, ஆனால் தட்ட முடியாத குரல். சுற்றிலும் எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், லைன் வீடுகள் என்பார்கள். அவற்றிலும் அதே நேரத்தில் அதே மாதிரி கூப்பிடும் சத்தம். ஒரு வீட்டில் இந்தியில், இன்னொன்றில் எனக்குப் புரியாத ஒரு பாஷையில். ஜார்க்கண்ட், அசாம், ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்கள் இப்போது நிறைய. ஐந்து நிமிடத்தில் பாதையில் ஒரு குழந்தை இல்லை.

ஏன் என்று எனக்குத் தெரியும். 2025 ஜூனில் இங்கே ஒரு எஸ்டேட்டில், ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்த குடும்பத்தின் சின்னப் பெண் குழந்தையைச் சாயங்கால நேரத்தில் வீட்டு முன்னாலிருந்தே சிறுத்தை இழுத்துப்போனது. மறுநாள்தான் உடல் கிடைத்தது. ஆகஸ்டில் இன்னொரு எஸ்டேட்டில் அசாம் குடும்பத்துச் சிறுவன் இறந்தான். முதலில் சிறுத்தை என்றார்கள், பிறகு கரடி என்று தெரிந்தது. செய்தியாகப் படித்தபோது ஒரு நாள் மனசு சரியில்லாமல் இருந்தேன். இங்கே அந்தப் புதர்களைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது வேறு மாதிரி இருந்தது.

சாப்பிடும்போது கரண்ட் போய்விட்டது. தகரக் கூரைமேல் என்னவோ குதித்து ஓடியது. பெரியவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "சிறுத்தையா?"

இதற்கு நம் வீடுகளில் ஒரே பதில்தான். "ஒண்ணுமில்ல, சாப்பிடு." என் அம்மா எனக்குச் சொன்னதும் அதுதான். பாட்டி மெழுகுவர்த்தியைப் பற்றவைத்துக்கொண்டே சொன்னார்:

"அது மரநாய். கொய்யா மரத்துக்கு வருது. சிறுத்தையும் இந்தப் பக்கம் வரும் கண்ணு, இது அதோட ஊருதானே. ஆனா தாழ்ப்பாளைத் திறக்க அதுக்குத் தெரியாது. வா, நீயே போடு."

பெரியவள் எழுந்து போனாள். இரும்புத் தாழ்ப்பாள், கனமானது. இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினாள். பாட்டி உதவி செய்யவில்லை, வெளிச்சம் மட்டும் காட்டினார். "இழுத்துப் பாரு, வருதா?" "வரல." "இன்னொரு தரம் பாரு." "வரல பாட்டி." "அப்ப வந்து சாப்பிடு."

வந்து உட்கார்ந்து ரசம் சாதம் முழுவதையும் சாப்பிட்டாள். மலைப்பாதையில் வாந்தி எடுத்த பிள்ளை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டது.

டிசம்பர் 27, சனி: புதுத்தோட்டம், கூழாங்கல் ஆறு

காலையில் நல்ல குளிர். புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் சாலைக்குப் பக்கத்திலேயே இருந்தன. காட்டைச் சாலை வெட்டிவிட்டதால், மரத்துக்கு மரம் தாண்ட மேலே கயிற்றுப் பாலம் கட்டியிருக்கிறார்கள். ஒரு தாய்க்குரங்கு வயிற்றில் குட்டி தொங்க அந்தப் பாலத்தில் போனது. நடுவில் நின்று, குட்டியின் பிடியை ஒருமுறை சரிபார்த்த மாதிரி குனிந்து பார்த்துவிட்டு மறுபடி நடந்தது. என் மனைவி சின்னவனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றாள். ஒரு காரிலிருந்து சிப்ஸ் பாக்கெட்டை நீட்டினார்கள். அங்கிருந்த காவலர் ஓடிவந்து தடுத்தார். தீனிக்காக இறங்கி வருகிற குரங்கு வண்டியில் அடிபடுகிறது, அதற்குத்தான் இவ்வளவு பாடு என்று குழந்தைகளுக்கும் புரிகிற மாதிரி சொன்னார்.

மதியம் ஊருக்குள் பரோட்டாவும் முட்டைக் குருமாவும். நான்கு பேருக்கு 260 ரூபாய். குழந்தை சாப்பிடுகிறது என்றதும் காரமில்லாத குருமாவைத் தனியாக ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தார்கள்.

கூழாங்கல் ஆற்றில் விடுமுறைக் கூட்டம். தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான், அடியில் உருண்டைக் கற்கள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. பார்க்க எவ்வளவு சாதுவாக இருக்கிறது! ஆனால் இந்த மலையில் தண்ணீரை நம்ப முடியாது. 2023 அக்டோபரில் கோவையிலிருந்து வந்த ஐந்து கல்லூரி மாணவர்கள் நல்லகாத்து ஆற்றில் மூழ்கி இறந்தார்கள். வளர்ந்த பையன்கள். பாசிக்கல் வழுக்கினால், ஒரு எட்டு தள்ளிப் பள்ளம் இருந்தால், போதும்.

நான் சின்னவனை விரலைப் பிடித்துக் கூட்டிப் போகவில்லை, மணிக்கட்டைப் பிடித்தேன். ஈர விரல் நழுவிவிடும். குழந்தை நம்மைப் பிடித்துக்கொண்டிருப்பது வேறு, நாம் குழந்தையைப் பிடித்துக்கொண்டிருப்பது வேறு. பக்கத்தில் ஒரு அப்பா செல்பி எடுத்துக்கொண்டிருக்க, அவருடைய பையன், மூன்று வயது இருக்கலாம், கொஞ்சம் கொஞ்சமாக நடு ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தான். சோளக்கதிர் விற்கிற அண்ணன் அடுப்பை விட்டுவிட்டு இறங்கிப்போய்த் தூக்கிக்கொண்டு வந்தார். "சார், பையன்," என்று மட்டும் சொல்லிக் கையில் கொடுத்தார். திட்டவில்லை. சீசனில் தினமும் ஒரு பிள்ளையையாவது தூக்கிக் கொடுக்கிறேன் என்று என்னிடம் சொன்னார். அவரிடம் கதிர் வாங்கினோம், 30 ரூபாய்.

திரும்பும்போது சின்னவன் பேசவில்லை. தோளில் சாய்ந்தான். கழுத்து சுட்டது.

ராத்திரி ஒன்பதரைக்கு 102. மருந்து கொடுத்தோம். பாராசிட்டமால் எடைக்குத் தகுந்தபடி, ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம். இவன் 12 கிலோ. பாட்டிலில் 5 மில்லிலிட்டருக்கு 250 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் சுமார் மூன்றரை மில்லிலிட்டர். 120 என்று போட்டிருந்தால் அளவே வேறு, அதனால் எப்போதும் லேபிளைப் பார்த்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். பதினொரு மணிக்கு 103. கை, கால் ஜில்லென்று இருந்தது, உடம்பு மட்டும் கொதித்தது. மனைவி என்னைப் பார்த்தாள். நான் கார் சாவியை எடுத்துவிட்டேன்.

கதவைத் திறந்தால் பாட்டி சால்வையோடு நின்றுகொண்டிருந்தார். "தம்பி, இப்ப போக வேண்டாம். லைட்டு எரியுது பாருங்க."

எதிர்ச்சரிவில் ஒரு கம்பத்தின் உச்சியில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. சுமார் ஒரு கிலோமீட்டருக்குள் யானை இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். 2011 வாக்கில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆராய்ச்சியாளர்கள் ஊர்க்காரர்களோடும் வனத்துறையோடும் சேர்ந்து வைத்த ஏற்பாடு. யானையைப் பார்த்தவர் போனிலிருந்து அழைத்தால் விளக்கு எரியும். எஸ்டேட்டுக்காரர்கள் போனுக்குத் தமிழிலேயே குறுஞ்செய்தியும் வரும். முன்பெல்லாம் வேலை முடிந்து கடைசி பஸ்ஸில் வந்து இறங்கி இருட்டில் வீட்டுக்கு நடப்பவர்கள்தான் யானை எதிரே போய் மாட்டிக்கொள்வார்களாம். பாட்டியின் போனிலும் செய்தி வந்திருந்தது. எங்கள் சாலையில், அடுத்த வளைவில்தான் கூட்டம். குட்டியும் உண்டு.

குட்டி இருக்கிற கூட்டத்தின் முன்னால் கார் விளக்கோடு போய் நிற்க முடியாது. அந்தத் தாய்க்கும் பயம் இருக்கும்.

பாட்டி உள்ளே வந்தார். முதலில் சின்னவனைச் சுற்றியிருந்த கம்பளியை எடுத்தார். "காத்துப் படட்டும்." பிறகு கேட்டார்: "தண்ணி குடிக்கிறானா? ஒண்ணுக்குப் போனானா? கூப்பிட்டா கண்ணைத் திறந்து உங்களைப் பார்க்கிறானா?" மூன்றுக்கும் ஆமாம். "மூச்சு இழுக்கலையே?" இல்லை. டாக்டரும் என்னிடம் போனில் இதே நான்கைத்தான் கேட்பார். "அப்ப உட்காருங்க. விடியட்டும், போகலாம். நடுவுல ஏதாச்சும் ஆச்சுன்னா வன ஆபீசுக்குப் போன் போட்டு ஜீப்பை வரச் சொல்லலாம். நம்பர் சுவத்துல இருக்கு."

வலிப்பைப் பற்றி நான் சொன்னேன். சொல்லும்போது குரல் கொஞ்சம் தடுமாறியது. வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், வாயில் எதையும் வைக்கக்கூடாது, கையில் இரும்பு கொடுக்கக்கூடாது, நேரம் பார்க்க வேண்டும், ஐந்து நிமிடம் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரி. பாட்டி கேட்டுவிட்டு, சுவரிலிருந்த கடிகாரத்தைக் கழற்றிக் கட்டிலுக்குப் பக்கத்தில், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்தார்.

வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தோம். பெரியவள் விழித்துவிட்டாள். "தம்பிக்கு என்னாச்சு?" என் மனைவி அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னாள்: "தம்பிக்கு ஜுரம். மருந்து கொடுத்தாச்சு. யானை ரோட்டுல நிக்குது, அதனால காலைல டாக்டர்கிட்ட போறோம். நீ அவன் காலைப் பிடிச்சுக்க, ஜில்லுன்னு இருக்கு." பெரியவள் இரண்டு பாதத்தையும் உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள். அழவில்லை. அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்து, அந்தக் காலைப் பிடித்தபடியே தூங்கிப் போனாள்.

பாட்டி போகவே இல்லை. தன் பிள்ளைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நாற்பது நாள் குழந்தையை எஸ்டேட் காப்பகத்தில் விட்டுவிட்டு மலைச்சரிவில் ஏறுவாராம். அப்போதிருந்த 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி ஐம்பது பெண்களாவது வேலை செய்யும் தோட்டங்களில் காப்பகம் வைக்க வேண்டியிருந்தது. இங்கேயும் இருந்தது, ஆயாவும் நல்லவர்தான். "ஆனா மேட்டுல நின்னு பறிக்கிறப்போ கீழ ஒரு பிள்ளை அழுற சத்தம் கேட்டா, அது என் பிள்ளைதான்னு தோணும் தம்பி. அம்பது பொம்பளைக்கும் அப்படித்தான் தோணும். எல்லாரும் ஒரே நேரத்துல நிமிந்து பார்ப்போம்."

மூன்று மணிக்கு வேர்த்தது. 100-க்கு இறங்கியது. வலிப்பு வரவில்லை. வெளியே எங்கோ மரக்கிளை ஒடிகிற சத்தம், கொஞ்ச நேரம் கழித்து அதுவும் தூரப் போய்விட்டது.

டிசம்பர் 28, ஞாயிறு: வால்பாறை ஊர்

ஏழு மணிக்கு விளக்கு அணைந்திருந்தது. சாலையில் சாணமும் முறிந்த மூங்கிலும். பெரியவள் சாணத்தைப் பார்த்ததிலேயே மகிழ்ந்து போனாள்.

அரசு மருத்துவமனையில் பணியிலிருந்த டாக்டர் சின்ன வயசு. ஞாயிறு, கூட்டம் அதிகம், ஆனால் அவசரப்படவில்லை. ஸ்டெதஸ்கோப்பை முதலில் சின்னவன் கையில் கொடுத்து, அக்கா நெஞ்சில் வைக்கச் சொன்னார். பிறகு அவன் நெஞ்சில் வைத்தபோது அவன் அழவில்லை. தொண்டை சிவந்திருக்கிறது, வைரஸ் ஜுரம், இரண்டு நாளில் விடும், ஆன்டிபயாட்டிக் வேண்டாம், நீராகாரம் கொடுங்கள், மருந்துக்கு ஆறு மணி நேர இடைவெளி இருக்கட்டும். மருந்து ஜுரத்தின் அசதியைத்தான் குறைக்கும், வலிப்பைத் தடுக்காது, தடுக்கும் என்று நினைத்துக் கூடுதலாகக் கொடுத்துவிடாதீர்கள் என்று அழுத்திச் சொன்னார்.

ஒரு மருந்துக் கடையில் உப்புக் கரைசல் பொடி வாங்கப் போனோம். கடைக்காரர் கேட்காமலேயே இருமல் மருந்து ஒன்றை எடுத்து வைத்தார். வேண்டாம் என்றேன். "எல்லாரும் வாங்குறதுதாங்க." 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாராவில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்களே, அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்திருந்தது. அந்தப் பெற்றோரும் டாக்டர் எழுதிக் கொடுத்ததைத்தான் நம்பி ஊட்டியிருப்பார்கள். ஐந்து வயதுக்குக் கீழே இருமல் மருந்து பொதுவாகத் தேவையே இல்லை என்று மத்திய அரசும் சுற்றறிக்கை அனுப்பியது. எனக்கு அந்தக் கடைக்காரர்மேல் கோபம் வந்தது, இப்போது எழுதும்போதும் வருகிறது.

பாட்டி நொய்யரிசிக் கஞ்சி வைத்திருந்தார். உப்பும் ஒரு சொட்டு நெய்யும். சின்னவன் ஐந்தாறு ஸ்பூன் குடித்தான். பாட்டி வீட்டில் அரிசி மூட்டை சமையலறையில் இல்லை, வீட்டின் நடு அறையில் இருக்கிறது. சன்னல் ஓரம் வைத்தால் யானை மோப்பம் பிடித்துச் சுவரை இடித்துவிடும்.

சாயங்காலம் லைன் வீடுகள் பக்கம் நடந்தேன். ஒரு அசாம் குடும்பம். அம்மாவுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது, கொஞ்சம் தமிழ் பேசுகிறாள். கழிப்பறை வீட்டுக்குப் பின்னால், இருபது அடி தூரம், விளக்கு கிடையாது, இரண்டு பக்கமும் இடுப்பளவு புதர். ராத்திரி பிள்ளைக்கு அவசரம் என்றால் கணவன் டார்ச்சோடு முன்னால், பிள்ளை நடுவில், அவள் பின்னால், மூன்று பேரும் சத்தமாகப் பேசிக்கொண்டே போவார்களாம். குனிந்து உட்கார்ந்திருக்கும் சின்ன உருவத்தைத்தான் சிறுத்தை இரையாக நினைக்கிறது என்று வனத்துறையினர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். இவ்வளவு செய்கிற அம்மாவுக்கு ஒரு விளக்கும், ஒரு ஆள் அரை நாளில் முடித்துவிடக்கூடிய புதர் வெட்டும் வேலையும்தான் பாக்கி. இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, பிள்ளையைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவளிடமே சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. அவளைவிட யார் கவனமாகப் பார்த்துவிட முடியும்?

டிசம்பர் 29, திங்கள்: இறக்கம்

காலையில் 99. சின்னவன் பிஸ்கட் கேட்டான். என் மனைவி முகத்தைப் பார்த்தேன், முந்தாநாளுக்குப் பிறகு அப்போதுதான் அது தளர்ந்தது.

பாட்டி ஒரு பொட்டலம் தேயிலைத் தூளும், நான்கு கொய்யாவும் கொடுத்தார். பணம் நீட்டியதற்குக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். வீட்டுக்கார அக்கா ஒரு ராத்திரி வாடகையைக் குறைத்துக்கொண்டார், பிள்ளைக்கு உடம்பு சரியில்லாத வீட்டில் வாங்கக்கூடாது என்று.

இறக்கத்தில் மெதுவாக வந்தோம். பெரியவள் எலுமிச்சம்பழத்தோடு முன்னால் பார்த்தபடி இருந்தாள். இருபதாவது வளைவுக்குப் பக்கத்தில் திடீரென்று கேட்டாள்: "அந்த ஜார்க்கண்ட் பாப்பா தாழ்ப்பாள் போடலையா?" யாரோ பேசியதைக் கேட்டிருக்கிறாள்.

"அது வாசல்ல இருந்துச்சு கண்ணு. வீட்டுக்குள்ள போகல."

"அவங்கம்மா கூப்பிடலையா?"

"அவங்கம்மா பக்கத்துலதான் இருந்தாங்க. சிறுத்தை ரொம்ப வேகம். அம்மா மேல எந்தத் தப்பும் இல்ல."

கொஞ்ச நேரம் யோசித்தாள். "பாவம் அந்த அம்மா," என்றாள். அப்புறம் தம்பியின் தொப்பியைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டாள்.

ராத்திரி வீடு வந்து பாட்டிக்குப் போன் செய்தோம். ஜுரம் விட்டதா என்று அவர் முதலில் கேட்டார். விட்டுவிட்டது என்றோம். அங்கே நேற்று ராத்திரி யானைகள் கீழ் லைனில் ரேஷன் கடைக் கதவை உடைத்துவிட்டனவாம். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, நான்கு மூட்டை அரிசி போச்சு, இந்த மாத மிச்ச அரிசி எப்போது வரும் என்று தெரியவில்லை என்றார்.